ஆற்றங்கரையில் இருந்தது வெறும் கிடங்குதானா?

பிப்ரவரி 9, 2024 (வாசகர் கேள்வி)

போன வாரம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீ பக்கம் நடந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: சிங்கப்பூரில் தொழில் என்று ஒன்று வந்ததே 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டையைத் தொடங்கிய பிறகுதானாம். அதற்கு முன் ஆற்றங்கரையில் தோணியும் கிடங்கும் மட்டும்தான். சாமான் வரும், போகும், இங்கே யாரும் எதையும் செய்ததில்லை. அதிலும் நம்மவர்களுக்குக் கோயில், கடை, வட்டித்தொழில் என்று இவ்வளவுதான் கதை. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 9, இரவு 10.40

நான் மறுக்கிறேன். என் அப்பா 31 வருடம் காலாங் கேஸ் ஆலையில் வேலை பார்த்தார். அந்த ஆலை ஓடத் தொடங்கியது 1862இல். ஜூரோங்கில் காட்டை வெட்டத் தொடங்கும்போது அதற்கு வயது தொண்ணூற்றொன்பது.

கப்பலில் வந்த நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு, பிரிந்து வரும் வாயுவைக் குழாயில் விட்டார்கள். 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள். அன்றைக்குத்தான் இந்த ஊரில் முதன்முதலாகக் கேஸ் தெருவிளக்கு எரிந்தது. அதுவரை தேங்காய் எண்ணெய் விளக்கு. 1901இல் நகராட்சி ஆலையை எடுத்துக்கொண்டது. 1998 மார்ச்சில் மூடினார்கள், வேலை செனோக்கோவுக்குப் போனது. 136 வருடம் ஓடிய ஆலை அது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆற்றங்கரையில் யாரும் எதையும் செய்யவில்லை என்று படித்ததும் எனக்கு நிஜமாகவே வலித்தது. விவரமாக நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை

ஒரு திருத்தம். நேற்று ஆற்றங்கரை என்று பொதுவாக எழுதிவிட்டேன். கேஸ் ஆலை இருந்தது காலாங் ஆற்றங்கரையில், கேள்வி கேட்டவர் சொல்வது சிங்கப்பூர் ஆறு. இரண்டும் வேறு வேறு ஆறு. ஆனால் இரண்டும் சேரும் இடம் இன்றைக்கு ஒன்றுதான், மரினா நீர்த்தேக்கம். இந்த இழையில் இரண்டு ஆற்றையும் சேர்த்தே பேசப் போகிறேன். சிங்கப்பூர் ஆறு மொத்தமே மூன்று கிலோமீட்டர் சொச்சம், துறைமுகத்துக்காகச் செய்த வேலை முழுவதும் அதன் கரையில் அடங்காது.

பிப்ரவரி 10, மாலை

அப்பாவுக்கு வேலை கேஸ் தொட்டிப் பக்கம். தொட்டி என்றால் வீட்டுத் தொட்டி இல்லை. பெரிய இரும்புச் சட்டத்துக்கு நடுவே, தண்ணீரில் கவிழ்த்து வைத்த அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேஸ் நிரம்ப நிரம்ப அண்டா மேலே எழும்பும், கேஸ் செலவாகச் செலவாக இறங்கும். நாங்கள் லாவெண்டர் ஸ்திரீட் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தோம். ஜன்னலில் நின்றால் தொட்டியின் தலை தெரியும்.

சாயங்காலம் அது இறங்கும். ஊர் முழுக்க அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா அதைப் பார்த்துத்தான் அரிசி களைவார்: "தொட்டி பாதி இறங்கிட்டு, உங்கப்பா வர நேரம்." எங்கள் அறையில் கேஸ் அடுப்பு கிடையாது, மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். ராத்திரி ஊர் அடங்கியதும் தொட்டி மறுபடி மெல்ல ஏறும். தூக்கம் வராத இரவுகளில் நானும் தம்பியும் சட்டத்தில் ஒரு கம்பியைக் குறி வைத்து, தொட்டி அதைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணுக்கு அசைவதே தெரியாது. ஆனால் விடியும்போது தாண்டியிருக்கும்.

சீனர்கள் அந்த இடத்துக்குத் தீ நகரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கேஸ் கம்பெனி. அப்பா வீட்டுக்கு வந்தால் சட்டையில் ஒரு வாடை இருக்கும், அழுகிய முட்டையும் தாரும் கலந்தது மாதிரி. அம்மா அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பார்.

பிப்ரவரி 12

சரி, சிங்கப்பூர் ஆற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் இன்னும் பழசு ஒன்று.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவை எங்கள் பாட்டி தேக்கா என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சுண்ணாம்புக் கம்பம் என்பார், கம்பம் என்றால் மலாயில் கிராமம். "சுண்ணாம்புக் கம்பத்துல பூ வாங்கிட்டு வா." வீரமாகாளியம்மன் கோயிலும் அவருக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்தான். சின்ன வயதில் யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்ற இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அதைவிடப் பெரியது. சிராங்கூன் சாலைப் பக்கம் 1820களிலேயே செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் வந்துவிட்டன, அங்கே வேலை பார்த்தவர்களில் நம்மவர்கள் நிறைய. காளி கோயிலை எழுப்பியதும் அந்த வேலைக்காரர்கள் கூட்டம்தான். ஆக, நம் கோயிலே ஒரு தொழிற்பேட்டைக் கோயில். கோயில் நின்றது, பேட்டை போய்விட்டது.

எந்தச் சுண்ணாம்புக்கும் வேலை முறை ஒன்றுதான்: கிளிஞ்சலையோ பவளக் கல்லையோ விறகோடு அடுக்கிச் சுடுவது, ஆறியபின் தண்ணீர் தெளித்து நீற்றுவது. தண்ணீர் பட்டதும் அது சீறிக் கொதிக்கும். ஊரில் தாத்தா வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்திருக்கிறேன், பானைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடமாட்டார்கள். நாள் முழுக்க அந்த வேலை பார்த்தவர்களின் கையும் காலும் எப்படி வெந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

அந்தச் சுண்ணாம்பெல்லாம் எங்கே போனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஊரே அதில்தான் எழுந்தது. ஆனால் என்னால் விரலை வைத்துக் காட்ட முடிகிற சுவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856இல் தொடங்கி 1861இல் முதல் வழிபாடு நடந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள் கட்டியது. உள்சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்திருக்கிறார்கள். பூசிக் காய்ந்த பிறகு மாக்கல் பொடி தூவிப் பளிங்குக் கல்லால் தேய்த்தார்களாம், பளபளப்பு வரும்வரை.

செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே கைவேலைதான். தொட்டால் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தச் சாந்தைக் குழைத்தவர்கள் சங்கிலியோடு வந்தவர்கள். ஜூரோங்குக்கு ஒரு நூற்றாண்டு முன்பு இங்கே எதையும் செய்யவில்லை என்பவருக்கு அந்தச் சுவரைக் காட்டுங்கள்.

சூளை என்றதும் நாராயண பிள்ளையைச் சொல்லாமல் விட முடியாது. 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர். ஊரே குடிசையாக இருப்பதைப் பார்த்து, வீடு கட்ட ஆள் வேண்டும் என்று பினாங்குக்குச் சொல்லியனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார், செங்கல் சூளை போட்டார். மாரியம்மன் கோயிலுக்காகத்தான் அவரை நினைக்கிறோம். எனக்கு அவர் முதலில் சூளைக்காரர்.

பிப்ரவரி 15

சிங்கப்பூர் ஆற்றில் கோல்மன் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிக்கட்டி வீடு இருந்தது தெரியுமா? வாம்போ என்று எல்லாரும் அழைத்த ஹூ ஆ கே 1854இல் கட்டியது. அமெரிக்காவில் குளத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் புதைத்து, பாதி உலகம் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே வைத்து விற்றார்கள். வியாபாரம் நெடுநாள் நிற்கவில்லை. கட்டடம் மட்டும் நின்றது, 1981இல் ரிவர் வேலி சாலையை அகலப்படுத்த இடிக்கும்வரை.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாலையில் பேருந்தில் போவேன். பலகணியோடு ஒரு பழைய கட்டடம், சாயம் போனது. அது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. வயது இருபது சொச்சம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் மனதில் இருந்தது. திடீரென்று ஒருநாள் அது இல்லை. இல்லை என்பதைக்கூட ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்தப் பக்கம் நம்மவர்கள் வாயில் புழங்கிய இன்னொரு பெயர் கள்ளுக்கடைப் பாலம். அதுதான் ரீட் பாலம், 1889.

பிப்ரவரி 16

மாமா தொலைபேசியில் திருத்தினார். கள்ளுக்கடைப் பாலம் ரீட் பாலம் இல்லை, அதற்கு அடுத்தது, ஆர்ட் பாலம், 1886. அக்கம்பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருந்ததால் அந்தப் பெயர். ரீட் பாலம் டியோச்சியூ சீனக் கதைசொல்லிகள் உட்கார்ந்த பாலம், தோணிக்காரர்கள் வேலை முடிந்து அங்கே கதை கேட்பார்களாம். "ரெண்டுலயும் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்கு 88 வயது. அம்மாவின் தம்பி. போட் கீயில் ஒரு கிடங்கில் கிராணியாக இருந்தவர், மூட்டைக் கணக்கு எழுதியவர். ஞாயிற்றுக்கிழமை அவரை நேரில் பார்க்கப் போகிறேன். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமானால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18

மாமா வீட்டிலிருந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், மறப்பதற்குள்.

தோணியை அவர் தொங்கான் என்றுதான் சொல்கிறார். முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருப்பார்கள், வழி பார்த்துப் போக. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தொங்கான் போய்ச் சாமானை இறக்கிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். காவனா பாலம் தாழ்வானது. அலை ஏறியிருந்தால் அடியில் நுழைய முடியாது, தண்ணீர் வடியும்வரை வரிசையாகக் காத்துக் கிடப்பார்கள். கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒரு பலகை. அகலம் எவ்வளவு என்று கேட்டேன். எழுந்து நின்று, இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்துக் காட்டினார். அவ்வளவுதான். முதுகில் ஒரு மூட்டை, காலடியில் ஆடுகிற பலகை.

ஒவ்வொரு மூட்டைக்கும் கூலியாளுக்கு ஒரு மூங்கில் குச்சி. சாயந்திரம் குச்சியை எண்ணிக் கூலி. மாமாவின் வேலை குச்சிக்கும் தன் நோட்டுக்கும் கணக்கு நேராக்குவது. குச்சி ஒன்று குறைந்தால் ஒரு மனிதனின் சாப்பாடு குறையும். அதனால் ராத்திரி படுத்தாலும் கண்ணுக்குள் குச்சிதான் வரும் என்றார்.

நம்மவர்கள் தோணி ஓட்டியிருக்கிறார்களா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். மாமா காலத்தில் எல்லாம் சீனர்கள். ஆனால் அதற்கு முன், 1800களின் முதல் பாதியில், இந்த ஆற்றின் தோணிகளில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் கைதான் ஓங்கியிருந்தது. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ஆற்றின் மேல்பக்கம் அவர்களை அழைத்த பெயரில் சூலியா கம்பம் என்றே இடம் குறித்திருக்கிறது. 1826இல் ஜாமியா சூலியா பள்ளிவாசல், 1830 வாக்கில் நாகூர் தர்கா. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோணித் தொழில் சீனர் கைக்குப் போனது. பள்ளிவாசலும் தர்காவும் இன்றைக்கும் நிற்கின்றன. தோணியைக் காணோம். மறுபடி அதே கதை.

பிப்ரவரி 18, பின்னிரவு

தோணிகள் ஆற்றைவிட்டுப் போனது 1987 என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா தலையாட்டி மறுத்தார்: 1983. சுமார் 800 தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆற்றைச் சுத்தம் செய்து முடித்ததைக் கொண்டாடியது 1987. நான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன். போன பிறகு கிடங்கிலிருந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் மட்டும் இருந்ததாம். சத்தமே இல்லையாம். அந்த வருடமே அவருக்கும் வேலை போய்விட்டது.

பிப்ரவரி 21

மேலே போவோம், ராபர்ட்சன் கீ. இன்றைக்கு அது காபிக் கடையும் அடுக்குமாடியும் நாய் நடத்திப் போகிறவர்களுமாக இருக்கிறது. ஆனால் ஆற்றின் பட்டறைப் பக்கம் என்றால் அதுதான். மர ஆலை, அரிசி ஆலை, தோணி பழுது பார்க்கும் இடம் என்று வரிசையாக இருந்தது. ரிவர் வேலி சாலையில் யுனைடெட் இஞ்சினியர்ஸ் பட்டறை. 1912இல் இரண்டு பழைய கம்பெனிகள் சேர்ந்து உருவானது. இரும்பு வார்ப்பு, பாலம், இயந்திரம் எல்லாம் செய்தவர்கள். இப்போது அந்த இடத்தில் யூஇ ஸ்குவேர். பெயரில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.

அதைவிட விசித்திரம் பூலாவ் சைகோன். ஆற்றுக்குள்ளேயே ஒரு தீவு! ஆட்டுக்கிடாய் மாடு அறுக்கும் கூடமும் குப்பை எரிக்கும் உலையும் அதில் இருந்தன. ரயில் பாதையும் அதன் மேலே போனது. ஆமாம், ஆற்றங்கரைக்கு ரயில் வந்தது. 1903 ஜனவரி 1இல் தேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் போகும் பாதை திறந்தது, 1907இல் பாசிர் பாஞ்சாங்வரை நீண்டது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் வந்ததும் பழைய பாதையை எடுத்துவிட்டார்கள். தைப்பூசத்தன்று தண்டாயுதபாணி கோயில் வாசலில் நிற்கிறீர்களே, அந்த வட்டாரத்தில்தான் ரயில் ஊதிக்கொண்டிருந்தது.

தீவு எங்கே போனது? கால்வாயை மூடிக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். 1991இல் திறந்த விரைவுச்சாலைச் சுரங்கம் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. அங்கே தோண்டியபோது பழைய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. தீவின் பெயர் ஒரு பாலத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 22

"ஆட்டுக்கிடாய் மாடு" என்று நேற்று எழுதியதைப் பற்றி ஒருவர் கேட்டார். எந்த விலங்கை எந்தக் கூடத்தில் அறுத்தார்கள் என்ற விவரம் என் கையில் இல்லாமல் எழுதியிருக்கக் கூடாது. அறுப்புக்கூடம் என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

இரண்டு நாளாக ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

இங்கே பலர் "எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள்" என்று கோபப்படுகிறார்கள். நானும் பட்டேன். ஆனால் 1970களில் அந்த ஆற்றங்கரையில் நின்றவர்கள் நேர்மையாகச் சொல்லுங்கள், மூக்கைப் பொத்தாமல் நிற்க முடிந்ததா? தண்ணீர் கறுப்பு. தோணி எண்ணெய், அங்காடிக் கழிவு, மேலே காலாங் பக்கத்தில் 610 பன்றிப் பண்ணை, 500 வாத்துப் பண்ணை, எல்லாம் ஆற்றில்தான். 1977 பிப்ரவரி 27இல் லீ குவான் இயூ பத்து வருடத்தில் ஆற்றைச் சுத்தமாக்க வேண்டும் என்றார், பத்து வருடத்தில் செய்தார்கள். இன்றைக்கு நாம் குடிக்கும் தண்ணீரில் அந்த ஆறும் இருக்கிறது, 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். என் பேத்தி அங்கே படகு ஓட்டுகிறாள்.

காலாங்கின் மர ஆலைகள் சுங்கை காடுட்டுக்குப் போயின. தஞ்சோங் ரூவின் கரி வியாபாரிகள் 1987இல் லோரோங் ஹாலுஸுக்குப் போனார்கள். எங்கள் அத்தை வீட்டுக்காரர் இஸ்திரிக் கடை வைத்திருந்தார், அந்தக் கரிதான். சாக்கில் வரும், சைக்கிள் பின்னால் கட்டி. கரியைத் தட்டிப் பார்ப்பார், கணீரென்று கேட்டால் நல்ல கரி. கடைசியில் மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு மாறினார். கை சுடவில்லை என்று சந்தோஷப்பட்டார். அதுவும் உண்மைதான்.

ஆலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அங்கே யார் என்ன வேலை செய்தார்கள் என்பதும் அதோடு போனதே, அதுதான் ஆறவில்லை.

பிப்ரவரி 24, இரவு

கிட்டங்கி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆம், செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இப்போது இல்லை. தரையில் பெட்டியடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் கிடங்கைக் கோடவுன் என்கிறார்களே, அது மலாயின் குடாங் வழியாகப் போனது, அதற்கும் பின்னால் நம் கிடங்கும் தெலுங்கின் கிட்டங்கியும் நிற்கின்றன என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல்லாவது இன்றைக்கும் வேலை பார்க்கிறது.

பழைய தெருப் பெயர்களிலும் இப்படித்தான். கிராஸ் ஸ்திரீட்டைப் பால்கடைச் சடக்கு என்றார்கள் நம்மவர்கள், சடக்கு என்றால் சாலை. எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் ஏறவில்லை.

பிப்ரவரி 27

ஆறவில்லை என்று ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள்.

அப்பாவிடம் ஒரு பித்தளை வில்லை இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம், மேலே ஒரு துளை, நடுவில் எண். வேலைக்குள் போகும்போது ஆணியிலிருந்து எடுத்து, வெளியே வரும்போது மாட்ட வேண்டும். ஓய்வு பெற்ற 1980இல் எப்படியோ அது வீட்டுக்கு வந்துவிட்டது. சட்டைப்பையில் நாணயத்தோடு போட்டு வைத்திருந்து தேய்த்துத் தேய்த்து, எண்ணின் ஓரம் மழுங்கியிருந்தது.

அவர் போன பிறகு, பழைய தொழில்கள் பற்றிய ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டார்கள். கொடுத்தோம். கூடவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், தொட்டியில் என்ன வேலை, எத்தனை வருடம். திறப்பு நாளில் போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குள் வில்லை, கீழே இரண்டு சொல்: "தொழிலாளி, காலாங்." அவ்வளவுதான். கண்காட்சி முடிந்து வில்லையும் திரும்பவில்லை. மூன்று முறை போய்க் கேட்டோம். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள்.

எண் 417. அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

பிப்ரவரி 28

தம்பி இதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டான். 417 இல்லை, 471. அப்பாவின் வில்லையைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்த நகல் அவனிடம் இருக்கிறதாம், பள்ளிக்கூட நோட்டில்.  நாற்பது வருடம் நான் தவறான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருகிறான்.

மார்ச் 3

தம்பியும் நானும் காலாங் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனோம். ஆலையின் இரும்புப் பாகங்களை வைத்து ஒரு சிற்பம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். வால்வும் குழாயும் தெரிகிறது. தம்பி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். நல்ல கனமான இரும்பு. தொட்டி எந்த இடத்தில் நின்றது என்று இருவருக்கும் சண்டை. லாவெண்டர் ஸ்திரீட் ஜன்னலிலிருந்து பார்த்த திசையை வைத்து நான் ஒன்று சொல்ல, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன வழியை வைத்து அவன் ஒன்று சொன்னான். கடைசியில் அவன் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அவன் நடந்த வழி அது, நான் பார்த்தது தலையை மட்டும்.

நோட்டையும் காட்டினான். பென்சில் கரி பளபளக்கிறது. நடுவில் 471, ஏழின் காலில் ஒரு கீறல்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979இலிருந்து ஆட்களைப் பேட்டி எடுத்து வருகிறது, தமிழிலும் உண்டு. மாமாவைக் கேட்டேன். "நான் என்ன பெரிய ஆளா?" என்றார். குச்சிக் கணக்கை உங்களைத் தவிர யார் சொல்வார்கள் என்றேன். அரை மனதோடு சரி என்றிருக்கிறார். அதுவரை நானே கைபேசியில் பதிவு செய்கிறேன், வாரம் ஒரு மணி நேரம். போன ஞாயிறு பலகையைப் பற்றி மட்டும் முழுதாக ஒரு மணி நேரம் பேசினார்.

மார்ச் 5

கேள்வி கேட்டவருக்கு. நேற்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். உங்கள் பாட்டி, காலாங்கில் ஒரு மர ஆலையில் பட்டை பொறுக்கி விறகுக்கு விற்றார் என்று உங்கள் அம்மா இப்போதுதான் சொன்னாரா? நண்பரிடம் அதைச் சொல்லிவிட்டீர்களா?

அம்மாவிடம் இன்னும் சில விஷயம் கேளுங்கள், இன்றைக்கே. ஆலை பாலத்துக்கு எந்தப் பக்கம், கடல் பக்கமா மேல்பக்கமா? மரக்கட்டைகள் தண்ணீரில் மிதந்து வந்தனவா, லாரியிலா? பட்டையைக் கட்டாக விற்றாரா, கூடையாகவா? கூடை என்றால் எவ்வளவு பெரியது, கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.